பால் தெளிநீரைப் பயன்படுத்தும் முறைகள்: நொதியும் சவ்வு வடிகட்டியும்

பாலைத் திரித்துப் பனீர் செய்யும் தொழில் நம் நாட்டில் நாளுக்கு நாள் விருத்தியடைந்து வருகிறது. விற்று மிகுந்த பாலைக் கெடவிடாமல் பனீராக்கி விலைப்படுத்துவதில் பெரிய பால் பண்ணைகளேயன்றிச் சிற்றூர்களிலுள்ள உற்பத்தியாளர்களும் ஊக்கங் காட்டுகின்றனர். ஆயினும், பனீரை நிறுத்து விற்பவர்கள், பனீர் எடுத்தபின் எஞ்சி நிற்கும் பசுமை கலந்த மஞ்சள் நிறமுள்ள நீரை நிறுத்துப் பார்ப்பதில்லை. 10 லிட்டர் பாலைத் திரித்தால், பாலின் தன்மைக்குத் தக்கபடி ஒன்றரை முதல் இரண்டு கிலோகிராம் வரை பனீர் கிடைக்கும். ஏறக்குறைய 8 லிட்டர் நீர் எஞ்சும். அதாவது, பாலில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடைக்குப் போகின்றது. இந்நீரை இக்கட்டுரையில் பால் தெளிநீர் என்று வழங்குவோம்.

தெளிநீரைக் கொட்டிவிடுவதால் விளையும் கேடு இரண்டு வகைப்படும். ஒன்று, அதிலுள்ள உணவுச் சத்து வீணாதல்; மற்றொன்று, அது சேருமிடத்து நீர் கெடுதல். தெளிநீரிலுள்ள சர்க்கரையைக் கிருமிகள் உண்ணும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை விரைந்து செலவழித்துவிடுகின்றன. இவ்வாறு செலவாகும் அளவைப் பிராணவாயுத் தேவை என்பர். ஊர்ச் சாக்கடை நீருக்கு இது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் அளவினதாகவே இருக்க, பால் தெளிநீருக்கு 30,000 முதல் 50,000 மில்லிகிராம் வரை இருக்கின்றது. ஆறு குளங்களில் விடப்படும் கழிவுநீருக்கு 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் பொதுவாகக் குறித்துள்ள வரம்பு 30 மில்லிகிராம் மட்டுமே. குளத்தில் தெளிநீர் சேர்ந்தால் மீன்கள் மூச்சுத் திணறி மாள்வதும், நிலத்தில் ஒரே இடத்தில் நாள்தோறும் கொட்டினால் அவ்விடம் புளித்துத் துர்நாற்றம் வீசுவதும் இதனாலேயே. கிணற்றுக்கு அருகில் கொட்டுவோர், தம் குடிநீருக்குத் தாமே கேடு தேடிக்கொள்கின்றனர்.

இக்கேட்டை நீக்கி, தெளிநீரை உணவாக மாற்றுதற்கு இரண்டு சாதனங்கள் இக்காலத்தில் பெரிதும் கையாளப்படுகின்றன. அவை நொதியும் சவ்வு வடிகட்டியும் ஆம். இவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பதையும், பனீர் செய்வோருக்கு இவற்றுள் எது எவ்வளவு பயன்படும் என்பதையும் கீழே விளக்குவோம்.

தெளிநீரில் உள்ளவை யாவை?

பாலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கேஸீன் எனப்படும். பால் திரியும்போது கட்டியாவது இதுவே. மீதி ஒரு பங்கு கரைந்த நிலையிலிருக்கும் தெளிநீர்ப் புரதம். தெளிநீரில் நூற்றுக்கு 93 அல்லது 94 பங்கு தண்ணீர். நாலரை முதல் ஐந்து பங்கு பால் சர்க்கரை. எஞ்சியவை புரதம், சுண்ணாம்பு முதலிய உப்புகள், சிறிது கொழுப்பு, அமிலம் ஆகியன.

இங்கு ஒரு வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். ரென்னெட் என்னும் உறைபொருளைச் சேர்த்து மிதமான சூட்டில் பால்கட்டி செய்யும் மேலைநாட்டு முறையில் கிடைப்பது இனிப்புத் தெளிநீர். அதில் நூற்றுக்கு 0.6 முதல் 0.8 பங்கு வரை புரதம் உண்டு. பனீருக்கோ, பாலை ஏறக்குறைய 90 சென்டிகிரேட் வரை காய்ச்சிச் சிறிது ஆறவிட்டு, சிட்ரிக் அமிலத்தையோ எலுமிச்சைச் சாற்றையோ சேர்க்கிறோம். அவ்வளவு சூட்டில் தெளிநீர்ப் புரதத்தின் பெரும்பகுதி தன்னிலை மாறிக் கேஸீனோடு ஒட்டிப் பனீரிலேயே தங்கிவிடும். ஆகையால் பனீர்த் தெளிநீரில் புரதம் 0.3 முதல் 0.45 பங்கு அளவே உள்ளது, புளிப்பும் அதிகம். பால் சர்க்கரை மட்டும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றேயாம். பால்கட்டித் தெளிநீரைப் பற்றி எழுதப்பட்ட இலாபக் கணக்குகளைப் பார்த்துப் பனீர்த் தெளிநீருக்கு யந்திரம் வாங்குவோர் ஏமாற்றமடைவது இவ்வேறுபாட்டை அறியாமையாலேயே.

நொதி என்பது யாது?

நொதி அல்லது என்ஸைம் என்பது உயிருள்ள பொருள்களில் உண்டாகும் ஒருவகைப் புரதம். தான் செலவாகாமல், ஒரு குறிப்பிட்ட பொருளைப் பிளப்பதும் சேர்ப்பதும் அதன் தொழில். முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கூழாகக் காய்ச்சினால், கட்டியாகாமல் இளகி இனிப்பதைப் பெண்டிர் அறிவர். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதி மாவுப் பொருளைச் சர்க்கரையாகப் பிளப்பதே அதற்குக் காரணம். இறைச்சியில் பப்பாளிக் காயைச் சேர்த்தால் அது விரைவில் மெத்தென்று வேகிறது. இது காயின் பாலிலுள்ள நொதி புரதத்தைப் பிளப்பதால் நேர்வது.

உறை ஊற்றித் தயிராக்குவதையும் இதனையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. உறைமோரில் இருப்பவை உயிருள்ள நுண்கிருமிகள், அவை பெருகும். நொதிக்கு உயிரில்லை, அது பெருகாது. எனினும் கிருமிகளைப் போலவே அதற்கும் தக்க சூடும் தக்க புளிப்பும் வேண்டும். சூடு குறைந்தால் வேலை மந்தமாகும். அதிகமானால் நொதி அடியோடு அழியும்.

பால்கட்டித் தொழிலுக்கு அடிப்படை ஒரு நொதியே. கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட்டில் கைமோஸின் என்னும் நொதி உண்டு. அது கேஸீன் துகள்களின் வெளிப்புறத்திலுள்ள ஒரு பகுதியை மட்டும் வெட்டுகிறது. அதனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் உறைகிறது. 1874-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் கிறிஸ்டியான் ஹான்ஸன் என்பவர் இதனை ஒரே தரமுள்ள சரக்காகச் செய்து விற்கத் தொடங்கினார். கன்றின் குடலை நாடாமல் பூஞ்சையிலிருந்து எடுக்கப்படும் உறைபொருள்களும் பின்னர் வழக்கத்திற்கு வந்தன. நுண்ணுயிரிகளைக் கொண்டு கைமோஸினையே உண்டாக்கும் முறைக்கு 1990-இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி அளித்தது.

தெளிநீரைப் பொறுத்தவரையில் நமக்கு வேண்டிய நொதி லாக்டேஸ் என்பதாம். இது பால் சர்க்கரையைக் குளுக்கோஸ், காலக்டோஸ் என்னும் இரு எளிய சர்க்கரைகளாகப் பிளக்கிறது. இதனால் மூன்று நன்மைகள் உண்டாகின்றன. முதலாவது, பால் சர்க்கரையில் இனிப்பு மிகக் குறைவு; பிளந்தபின் இனிப்பு மிகும். இரண்டாவது, பால் சர்க்கரை நீரில் அதிகமாய்க் கரையாது. பாகாகச் சுண்டக் காய்ச்சினால் மணல் போல் படியும். பிளந்த சர்க்கரை அவ்வாறு எளிதிற் படியாமையால் கெட்டியான பாகாக வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, தென்னிந்தியாவில் வளர்ந்தோருள் பெரும்பாலாருக்குக் குடலில் லாக்டேஸ் குறைந்துவிடுவதால், மிகுதியாகப் பால் அருந்தினால் சிலருக்கு வயிற்றுப் பொருமலும் பேதியும் உண்டாகின்றன. நொதியால் முன்னரே பிளக்கப்பட்ட பால் பொருள்கள் இவர்களுக்கு ஏற்கும். ஆனால் பாலின் புரதமே ஒவ்வாதவருக்கு இதனாற் பயனில்லை. நீரிழிவு உள்ளோர் இப்பாகையும் சர்க்கரையென்றே கருத வேண்டும்.

லாக்டேஸ் இருவகையாகக் கிடைக்கிறது. ஈஸ்ட்டிலிருந்து எடுப்பது புளிப்பில்லாத பாலுக்கும் இனிப்புத் தெளிநீருக்கும் உரியது. 35 முதல் 40 சென்டிகிரேட் சூட்டில் நன்கு வேலை செய்யும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையிலிருந்து எடுப்பது புளிப்பைத் தாங்கும். ஏறக்குறைய 50 சென்டிகிரேட் சூட்டில் வேலை செய்யும். பனீர்த் தெளிநீருக்கு இரண்டாவதே பொருந்தும். பாத்திரத்தினின்று இறக்கிய தெளிநீர் 70 சென்டிகிரேட்டுக்கு மேற்பட்ட சூட்டில் இருக்கும். அந்நிலையில் நொதியைச் சேர்த்தால் பணம் வீண். 50 சென்டிகிரேட்டுக்கு ஆறியபின்பே சேர்த்தல் வேண்டும். நொதித் தூளை மூச்சோடு உட்கொண்டால் சிலருக்கு இழைப்பு உண்டாகுமாதலால், அளந்து எடுக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

சவ்வு வடிகட்டி

நெல்லையும் பதரையும் முறம் பிரிக்கிறது. மாவையும் குருணையையும் சல்லடை பிரிக்கிறது. கரைந்த பொருள்களையே அளவு பார்த்துப் பிரிக்கும் மிக நுண்ணிய சல்லடை சவ்வு வடிகட்டி என்க. அதன் துளைகள் கண்ணுக்குப் புலப்படா. துளையின் அளவைக் கொண்டு நான்கு வகையாகப் பிரிப்பர். முதல் வகை கிருமிகளையும் கொழுப்புத் துளிகளையும் தடுக்கும். இரண்டாம் வகை புரதத்தைத் தடுத்து, சர்க்கரையையும் உப்பையும் போகவிடும். மூன்றாம் வகை சர்க்கரையைத் தடுத்து, உப்பிலும் அமிலத்திலும் ஒரு பகுதியைப் போகவிடும். நான்காம் வகை ஏறக்குறைய எல்லாவற்றையும் தடுத்துத் தண்ணீரை மட்டும் போகவிடும். துளை சிறுக்கச் சிறுக்க, நீரைத் தள்ளுதற்கு வேண்டிய அழுத்தம் மிகும். இரண்டாம் வகைக்கு 10 பார் அளவுக்குட்பட்ட அழுத்தம் போதும். நான்காம் வகைக்கு 30 பாரும் அதற்கு மேலும் வேண்டும். ஒரு பார் என்பது ஏறத்தாழக் காற்று மண்டலத்தின் அழுத்தத்திற்குச் சமம்.

புரதத்தையும் சர்க்கரையையும் இவ்வாறு பிரித்தல் எங்ஙனம் கூடும் எனில், அவற்றின் உருவ வேறுபாடே காரணம். பால் சர்க்கரையின் மூலக்கூறு எடை 342. தெளிநீரிலுள்ள முக்கியப் புரதங்களின் மூலக்கூறு எடையோ 14,000-மும் 18,000-மும் ஆகும். ஆகவே 10,000 அளவில் தடுக்கும் சவ்வை இட்டால் புரதம் ஒருபுறமும் சர்க்கரை மறுபுறமும் பிரிந்துவிடும்.

துணியில் வடிகட்டும்போது நீரை நேரே ஊற்றுகிறோம்; கசடு துணியை அடைத்துக்கொள்கிறது. சவ்வு வடிகட்டியில் அவ்வாறன்றி, நீரைச் சவ்வின் மேற்பரப்பை ஒட்டி வேகமாக ஓடவிடுகின்றனர். ஓடும் நீர் படிவை ஓரளவு அடித்துச் செல்ல, ஒரு பகுதி மட்டும் சவ்வினூடே புகுந்து வெளிவருகிறது. தடுக்கப்பட்டது மீண்டும் மீண்டும் சுற்றி வந்து செறிவடைகிறது. இதில் கொதிக்கவைத்தல் இல்லையாதலால் புரதம் கெடுவதில்லை. விறகும் நிலக்கரியும் மிச்சம்.

இத்தகைய சவ்வுகள் தொழிலுக்கு உதவும் நிலையை எய்தியது 1960-ஆம் ஆண்டை ஒட்டியாம். அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிற் பிறந்த ஸௌரிராஜன் என்பவரும் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, மேல் தோல் மிக மெல்லியதாகவும் அடிப்பாகம் தடித்ததாகவும் உள்ள சவ்வைச் செய்தனர். அதனால் நீர் வெளிவரும் வேகம் பன்மடங்கு பெருகிற்று. கடல் நீருக்கென்று கண்ட இம்முறை, பத்தாண்டுகளுக்குள் பால் தொழிலிலும் புகுந்தது. பிரான்ஸ் தேசத்தில் மோபுவா, மோக்கோ, வஸ்ஸால் ஆகிய மூவர், பால்கட்டி செய்தபின் தெளிநீரை வடிகட்டுவதை விட, பாலையே முதலில் வடிகட்டிச் செறிவாக்கிப் பின்னர் உறைய வைக்கும் முறைக்கு 1969-இல் காப்புரிமை பெற்றனர். இதனால் தெளிநீர்ப் புரதமும் பால்கட்டியிலேயே தங்கிற்று. டென்மார்க்கில் பேட்டா என்னும் பால்கட்டி பெருமளவில் இம்முறையில் செய்யப்படலாயிற்று.

இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் விதம்

பெரிய ஆலைகளில் வேலை நடைபெறும் ஒழுங்கு பின்வருமாறு:

1. தெளிநீரிலுள்ள நுண்ணிய கட்டித் துகள்களையும் கொழுப்பையும் முதலில் பிரித்தெடுத்தல்.
2. இரண்டாம் வகைச் சவ்வினால் புரதத்தைச் செறிவாக்குதல். இதனை உலர்த்தினால், நூற்றுக்கு 35 முதல் 80 பங்கு வரை புரதமுள்ள தூள் கிடைக்கும்.
3. சவ்வினூடே வந்த சர்க்கரை நீரை லாக்டேஸ் கொண்டு பிளத்தல்.
4. பிளந்த நீரிலுள்ள தண்ணீரைக் குறைத்துப் பாகாக்குதல்.

சவ்வுக்கும் நொதிக்கும் மற்றோர் உறவும் உண்டு. நொதியும் புரதமாதலின், சவ்வு அதனைத் தடுத்து நிறுத்தும். பிளந்த சர்க்கரையோ வெளியேறும். ஆகவே ஒருமுறை இட்ட நொதியைப் பலமுறை பயன்படுத்தலாம். அன்றியும், வேலை முடிந்தபின் சவ்வில் அடைந்த புரதப் படிவை நீக்குதற்குப் புரதத்தைப் பிளக்கும் நொதி கலந்த கழுவு மருந்துகளும் உபயோகத்தில் உள்ளன.

பனீர் செய்வோருக்கு எவ்வளவு பயன்?

நாள் ஒன்றுக்கு 1,000 லிட்டர் பனீர்த் தெளிநீர் சேரும் ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பால் சர்க்கரை 45 முதல் 50 கிலோகிராம் இருக்கும். புரதம் 3 முதல் நாலரை கிலோகிராம் மட்டுமே. அதிலும் ஒரு பகுதி உண்மைப் புரதமன்று. சவ்வில் தங்காமல் ஓடிவிடும். பால்கட்டித் தெளிநீராயின் புரதம் 6 முதல் 8 கிலோகிராம் இருக்கும். ஆகையால் பனீர்த் தெளிநீரிலிருந்து புரதத் தூள் செய்து செல்வம் சேர்க்கலாம் என்பது பொருத்தமற்ற எண்ணம். அதில் உள்ள பொருள் சர்க்கரையே. ஆதலின் சிறிய அளவில் முதலிற் கருதத்தக்கது, தெளிநீரைச் சுத்தமாக எடுத்து, லாக்டேஸினால் இனிப்பேற்றி, பழரசம் கலந்து குளிர்பானமாக விற்பதேயாம். இதற்குச் சவ்வு வடிகட்டி அவசியமன்று. சூட்டை அளக்கும் கருவியும், துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமும், நொதியை அழித்துக் கிருமிகளையும் ஒழிக்கும் இறுதிக் காய்ச்சலும், குளிர்ந்த இடமும் போதும்.

தெளிநீர் பல ஆயிரம் லிட்டராகப் பெருகும்போதே சவ்வின் பயன் தோன்றும். மூன்றாம் வகைச் சவ்வு புளிப்பிலும் உப்பிலும் ஒரு பகுதியை நீக்கிச் சர்க்கரையைச் செறிவாக்குவதால், பனீர்த் தெளிநீருக்கு அது மிகப் பொருத்தமானது. நான்காம் வகையைக் கொண்டு 1,000 லிட்டரை 250 முதல் 300 லிட்டராகக் குறைத்தால், தொலைவிலுள்ள உலர்த்தும் ஆலைக்கு வண்டியில் ஏற்றிச் செல்லும் கூலி பெரிதும் குறையும்.

இதற்குரிய இடர்ப்பாடுகளையும் மறைத்தலாகாது. பனீர்த் தெளிநீரிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் சூட்டில் படிந்து சவ்வை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் க்ஷாரத்தாலும் அமிலத்தாலும் முறையே கழுவ வேண்டும்; ஒரு நாள் தவறினாலும் சவ்வு கெடும். கெடாது காப்பினும் சில ஆண்டுகளில் சவ்வை மாற்றியே தீரவேண்டும். மின்சாரம் நடுவில் நிற்பின், சுற்றிக்கொண்டிருந்த நீர் தேங்கிப் புளிக்கும். வெதுவெதுப்பான சூட்டில் கிருமிகள் விரைந்து பெருகுமாதலால், 50 சென்டிகிரேட்டை ஒட்டியோ, 10 முதல் 15 சென்டிகிரேட் வரையிலோ வேலையை நடத்த வேண்டுமேயன்றி, இடைப்பட்ட சூட்டில் நடத்தலாகாது. இவற்றையெல்லாம் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் நாள்தோறும் இருத்தல் வேண்டும்.

யந்திரம் இல்லாதவர் செய்யத்தக்கவை

சிறிய அளவில் பனீர் செய்வோர் செலவின்றிக் கைக்கொள்ளக்கூடிய சில முறைகளும் உண்டு.

முதலாவதாக, தெளிநீரை இரட்டை மல் துணியில் வடிகட்டினால் பனீர்த் துகள்கள் மீளும். வீணாகப் போகவிருந்த சரக்கு அன்றே கைக்கு வரும்.

இரண்டாவதாக, சுத்தமான தெளிநீரில் ஒரு பகுதியைக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, சிறிது தயிர் சேர்த்துப் புளிக்க வைத்தால், மறுநாள் பாலைத் திரிக்கச் சிட்ரிக் அமிலத்திற்குப் பதிலாக அதனைப் பயன்படுத்தலாம். பூஞ்சை பூத்ததையும் தீநாற்றம் உடையதையும் விலக்க வேண்டும்.

மூன்றாவதாக, புதிய தெளிநீரைக் கொண்டு சப்பாத்தி மாவு பிசையலாம். பருப்பு, குழம்பு முதலியவற்றில் தண்ணீருக்குப் பதில் சேர்க்கலாம்.

நான்காவதாக, மாடுகளுக்கும் பன்றிகளுக்கும் தீனியோடு கொடுக்கலாம். புதியதாக இருக்கும்போதே, சிறிது சிறிதாகப் பழக்கிக் கொடுக்க வேண்டும்; திடீரென்று மிகுதியாகக் கொடுத்தால் கழிச்சலும் வயிற்று உப்புசமும் உண்டாகும்.

எவ்வாறு பயன்படுத்தினும், தெளிநீரைப் பாத்திரம் கழுவிய நீரோடு கலக்காமல் தனியே பிடித்து வைத்தலே முதற் கடமை. கலந்தபின் அது உணவாகாது, கழிவேயாகும்.

முடிவுரை

நொதியும் சவ்வும் தெளிநீரிலுள்ளதைப் பிரித்துக் கொடுக்குமேயன்றி, அதில் இல்லாததை உண்டாக்கித் தரா. ஆகவே யந்திரம் வாங்க எண்ணுவோர் முதலில் நான்கு விஷயங்களை விசாரித்தறிய வேண்டும். நம்மிடம் நாள்தோறும் தவறாமல் சேரும் தெளிநீர் எவ்வளவு? பரிசோதனைச் சாலையில் சோதித்தபடி அதில் உண்மைப் புரதம் எவ்வளவு? செய்யப்படும் பாகையோ தூளையோ வாங்குவோர் யார்? கழுவும் நீரும் மின்சாரமும் தடையின்றிக் கிடைக்குமா? இவற்றுக்குத் திருப்தியான விடை கிடைக்காதவரை முதலீடு செய்தல் தகாது.

தனித்தனியே 50 லிட்டரும் 100 லிட்டரும் கொட்டுவோர் எவரும் தனியாக இவ்வேலையை மேற்கொள்ள இயலாது. அண்டை ஊர்களிலுள்ளோர் ஒன்றுகூடிக் கூட்டுறவு முறையில் பனீரை ஓரிடத்தில் செய்ய முற்பட்டால், தெளிநீரும் ஓரிடத்தில் சேரும். அவ்வாறு சேர்ந்த பின்னரே நொதிக்கும் சவ்வுக்கும் வேலை உண்டு. அதுவரையில், கறந்த பாலைப் போலவே தெளிநீரையும் சுத்தமான கலத்திற் பிடித்து, அன்றன்றே மேற்கூறிய வழிகளில் செலவிட்டு வருவதே பனீர் செய்வோருக்கும், அவர்தம் கிணற்றுக்கும் நிலத்துக்கும் நன்மை பயப்பதாகும்.